செக்ரட்டரி என்றால் யார்

திற்பரப்பு ரோட்டில் உள்ள எங்கள் வாசகசாலையில் பதினொரு வருடம் நாற்காலி சுமந்தவன் நான். இணைச் செயலாளர் என்று பெயர். இந்த வருடமாவது செக்ரட்டரி ஆகிவிட வேண்டும் என்று நெஞ்சு முட்ட ஆசை. எதிர்த்து நின்றவன் கிருஷ்ணமணி. அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நானோ ஒரு வாரம் செல்போனில் தேடிப் படித்துக்கொண்டு போனேன்.

பொதுக்குழுவில் எழுந்து பேசினேன். "செக்ரட்டரிங்கது லத்தீன்ல இருந்து வந்த வார்த்தையாக்கும். சீக்ரெட்டுன்னா ரகசியம். அந்தக் காலத்து ராஜாவுக்க ரகசியத்தைக் காப்பாத்துனவன்தான் செக்ரட்டரி. எழுதுத மேசைக்கும் அந்தப் பேருண்டு. ஆப்பிரிக்காவுல ஒரு பறவைக்கும் உண்டு."

கை தட்டுவார்கள் என்று பார்த்தேன். சிரித்தார்கள்.

"அப்போ உனக்குச் சரிப்படாது சுயம்பு" என்றார் தலைவர் பகவதியப்பன். "உனக்க வாயில ஒரு சங்கதி தக்கலை பஸ்ஸு வாரது வரைக்கும் தங்குமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எனக்கா தங்காது? பொங்கலுக்குப் பானை உடைச்சு பிரைஸ் வாங்கினியளே, கண்ணைக் கட்டுன துணி வழியா உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதுன்னு நான் ஒருத்தங்கிட்டயாவது சொன்னேனா? ஞாயித்துக்கிழமை பேப்பர்ல மணமகன் தேவை பக்கத்தைக் கிழிச்சுட்டுப் போறது கிருஷ்ணமணின்னு சொன்னேனா?"

கிருஷ்ணமணியின் மனைவி எழுந்து வீட்டுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான். போட்டிக்கு ஆளில்லை. நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சுயம்பு சொன்ன அர்த்தம் சரிதான். இருபத்திரண்டு வருசம் இவன்கூட குடும்பம் நடத்தியும் இவனைப் பத்தி ஒரு வார்த்தை வெளிய விட்டிருக்காளா சத்தியபாய்? அவதான் செக்ரட்டரி."

கடைசி வரிசையில் இருந்த என் மனைவியை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கைகள் மளமளவென்று உயர்ந்தன. அவள் என்னைப் பார்த்தாள். என் கையும் உயர்ந்தது.

"நாற்காலியை எல்லாம் அடுக்கிட்டு வாங்க" என்றாள். செக்ரட்டரியின் முதல் உத்தரவு.

அடுக்கிவிட்டு அவளோடு நடந்தேன். அவமானத்தில் அழுகை வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அழுகை நின்று வேறொரு பயம் பிடித்துக்கொண்டது.

"ஏட்டி, என்னைப் பத்தி வெளிய சொல்லாம என்னவெல்லாம் வச்சிருக்க?"

வாசகசாலைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நான் செக்ரட்டரியாக்கும். சொல்லப்பிடாது, கேட்டியளா."