குளிர் இல்லாத ஒன்பது நாள்

1.
இந்தக் கதை என்னுடையதல்ல, அண்ணியுடையது. யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னாள். எழுதாதே என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் புகுந்து இங்கே வந்து நிற்கிறேன்.

(முதல் தொடக்கம்: "உலகின் பசியைப் போக்க விஞ்ஞானிகள் கைகோத்த அந்தப் பொன்னாளில்..." அடித்துவிட்டேன். அண்ணி படித்தால் சிரிப்பாள்.)

2.
அண்ணி ஒரு விதை வங்கியின் பொறுப்பாளர். உறைகுளிரில் ஒரு அறை, இரும்பு அடுக்குகள், பல நாடுகள் நம்பிக் கொடுத்துவைத்த பெட்டிகள். அங்கே அழிந்தால் இங்கே கொஞ்சம் இருக்கட்டும் என்கிற ஏற்பாடு. முத்திரை வைத்த பெட்டியைக் கொடுத்தவர்தான் திறக்கலாம். காப்பவர் தொடக்கூடாது.

மூன்று வருடம் முன்பு குளிர் இயந்திரம் படுத்துக்கொண்டது. ஒன்பது நாள், நல்ல கோடை. தன் நாட்டு விதைகளை முளைக்கவைத்துப் பார்த்தாள், பாதிதான் தேறியது. அடுத்தவர் பெட்டிகளில் என்ன ஆனதோ, தெரியாது. இயந்திரம் சரியாகட்டும், பிறகு எல்லாருக்கும் எழுதலாம் என்று நினைத்தாள். சரியானது. எழுதவில்லை.

(அவளைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் தொடங்கினேன்: "மேலதிகாரிதான் அவளைத் தடு..." இல்லை. யாரும் தடுக்கவில்லை.)

3.
போன வாரம் கடல் கடந்து ஒரு போன். பயறு விஞ்ஞானி. பல மாநாடுகளில் சந்தித்து அக்கா, தம்பி என்று ஆனவர்கள். (எந்த மொழியில் என்று கேட்காதீர்கள். என் கதையில் தமிழில் பேசுகிறார்கள்.) அவர் ஊர்ப் பயறெல்லாம் வேரழுகி விழுகிறதாம். அதைத் தாங்கும் ஒரே ரகத்தை அவருடைய கிடங்கோடு வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

"உங்ககிட்ட இருக்குற பெட்டிதான்க்கா மிச்சம். சோதிச்சுப் பார்க்க நேரமில்ல, வந்ததும் மொத்தத்தையும் வயல்ல போட்டுடுவேன். குளிர்லயே இருந்த விதைதானே."

"அனுப்புறேன் தம்பி" என்றாள் அண்ணி. அந்த ஒன்பது நாளைச் சொல்லாமலே போனை வைத்தாள்.

சொன்னால் வயலில் போடமாட்டார். ஈரத்தாளில் ஒவ்வொன்றாக வைத்து, உயிருள்ளதை மட்டும் பெருக்குவார். ஒரு பருவம் போகும், ரகம் பிழைக்கும். ஆனால் எல்லா நாடுகளும் பெட்டிகளைத் திரும்பக் கேட்கும், அண்ணியின் இருபது வருட நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால், சூட்டில் நலிந்த விதை மொத்தமும் வயலில் மடிந்து ரகமே போகலாம்.

4.
இரண்டு முடிவுகள் எழுதி, அண்ணியின் சமையலறையில் வாசித்துக் காட்டினேன். ஒன்றில் சொல்கிறாள், அவர் போனை வைத்துவிடுகிறார். இன்னொன்றில் சொல்லவில்லை, அத்தனையும் முளைக்கிறது. இரண்டாவதில்தான் எனக்கு ஆசை.

அண்ணி அடுப்பை அணைத்தாள். "எப்படி அத்தனையும் முளைச்சுது?"

"கதைதானே அண்ணி."

"உனக்கென்ன, நீ எழுதினா முளைக்கும்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பெட்டியோடு போகவேண்டிய தாளை அவள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம், காலியாக. என் பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். பெட்டி நாளை கிளம்புகிறது. அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் முளைத்துவிடும்.