உழாத மண்

சென்னப்பனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. எனக்குப் பக்கத்து சீட்டு. டிபன் பாக்ஸைத் தொறந்துக்கிட்டே பீத்திக்கிறான்: "அந்த டெல்டா சர்வே லைன்ல கீச்சு அதிர்வே காணோம் அருணா. ஏர் ஓட்டின மண்ணு முழுங்கியிருக்கு. அப்பவே கணக்கைச் சரி பண்ணிக் குடுத்துட்டேன். பாத்தா, கேஸ் பெருசா ஒண்ணும் இல்ல."

ஓசூர்ல எங்க ஆபீசுக்கு இதான் வேலை. வயக்காட்டுல வெடி வெச்சு, பூமிக்கடியில போயித் திரும்பி வர்ற அதிர்வைப் பதிவு பண்ணி அனுப்புவாங்க. இறுகிப்போன மணற்பாறைக்குள்ள எரிவாயு எவ்வளவு இருக்குன்னு அதை வெச்சு நாங்க சொல்லணும். கேஸ் இருந்தா அதுல வேகமாத் துடிக்கிற கீச்சு அதிர்வை மட்டும் தின்னுடும். உழுத புழுதி மண்ணும் அதையேதான் செய்யும்.

"உழுதிருந்தாங்கன்னு யாருடா சொன்னா?"

"போன வருசம் சித்திரையில சர்வே. கோடை மழை பெஞ்சா எவனாச்சும் ஏர் ஓட்டாம இருப்பானா?"

சிங்காரப்பேட்டைக்காரன். அவங்க ஊரு கடலைக்காட்டுல அப்படித்தான் பழக்கம்.

அந்த சர்வேயில அதிர்வு கேக்கற கருவியை மண்ணுல அடிச்சு நட்டதே என் வீட்டுக்காரர் மணிவேல்தான். நெல்லு அறுத்த தரை காஞ்சு பாறையாட்டம் கெடக்கு, கையெல்லாம் கொப்புளம்னு போன்ல பொலம்பினாரு. "பெரிய ராஜா வீட்டுக் கை"ன்னு நான் கேலி பண்ணினேன். உழவே இல்லைன்னா அதிர்வைத் தின்னது கேஸ்தான். அதே எடத்துல இப்ப துளை போடற ரிக்ல அவரு நிக்கிறாரு. கேஸ் மேல பீறிட்டு வராம இருக்கக் குழிக்குள்ள சேறு ஊத்துவாங்க. கேஸ் கம்மின்னு எங்க பேச்சை நம்பி அதைக் கெட்டியாக் கலக்காம தண்ணியா ஊத்திக்கிட்டிருக்காங்க.

"அடப்பாவி, ஆளைக் கொன்னுடுவியேடா!"ன்னு கத்திட்டேன்.

அவரு செல்லுக்கு அடிச்சேன், அடிச்சேன், எடுக்கல. ரிக் மேல செல் கொண்டுபோக விடமாட்டாங்க. மேனேஜர் ராஜேஷ்குமார்கிட்ட ஓடி விஷயத்தைச் சொன்னேன்.

"ரிப்போர்ட் போயிடுச்சேம்மா. தப்புன்னு நாமளே சொன்னா..."

"சார், என் தாலி அங்க நிக்குது. போனை எடுங்க!"

எடுத்தாரு. ரிக் கம்பெனியோட பெங்களூர் ஆபீசுக்குக் கன்னடத்துல பேசினாரு. சொல்லிடறோம்னாங்களாம். அப்புறம் ஒரு தகவலும் இல்ல. சென்னப்பன் தண்ணி கொண்டாந்து வெச்சான். அவன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல.

சாயந்திரம் செல் அடிச்சுது.

"ஏய், வேலை நேரத்துல எதுக்கு இத்தனை தடவை அடிச்சிருக்க?" மணிவேல்தான். "இங்க சேறு நொரைச்சுக்கிட்டு மேல வந்துடுச்சு. நல்லவேளை, யாரோ போன் பண்ணி உஷார் பண்ணினாங்களாம், கெட்டிச் சேறு தயாரா இருந்துச்சு. அமுக்கிட்டோம். எந்தப் புண்ணியவானோ!"

நான்தான்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அழுகைதான் வந்துச்சு.

"கையில கொப்புளம் ஆறிடுச்சா?"

"அது போன வருசத்துக் கதை. ஏன்டி அழுவுற?"