ஏழால் வகுத்தால்

"ஏல, நாலு பேருன்னு அன்னைக்கே சொன்னேம்லா," என்றாள் தங்கமயில் சித்தி, கதவை முழுதாகத் திறக்காமல்.

சொல்லியிருந்தாள். நானும் நாலு என்றே எழுதிக் கொடுத்திருந்தேன். அதுதான் திரும்பி வந்திருந்தது. கால் சென்டரின் இரவு ஷிஃப்டை விட்ட பிறகு கிடைத்த இரண்டு வாரப் பகல் வேலை இது. இந்தியாவிலும் வியட்நாமிலும் ஓர் ஆள் எவ்வளவு கரிப்புகை விடுகிறான் என்று ஒப்பிடும் ஆய்வு. லைட் பில், சிலிண்டர், வேலைக்குப் போகும் வண்டி எல்லாவற்றையும் புகைக்கணக்காக்கி, வீட்டிலிருக்கும் தலைகளால் வகுக்க வேண்டும். அங்கேயும் எவனோ ஒருவன் இதே கேள்விகளோடு ஏதோ ஒரு சந்தில் நின்றுகொண்டிருப்பான். நம் கணக்குதான் குறைவாக வரும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். தாராவியில் சித்தியின் ஓரறை வீடு, வியட்நாமில் இதே மாதிரி வீடுகளின் சராசரியைத் தாண்டிவிட்டதால், மாட்டுங்கா அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்க்கும் வந்தனா மேடம் என் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாலு பேருக்கு இவ்ளோ கரண்டா? ஏசி இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்போ வகுக்கற நம்பர்தான் தப்பு. ஆளை எண்ணிண்டு வாங்கோ."

தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். சித்தியின் வாசலை ஒட்டிச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அதன் உச்சியில், தகரக் கூரைக்கு அடியில், மாலா என்று இங்கே சொல்லும் மாடி அறை. அங்கே பொன்செல்வி அக்காவும் அவளுடைய இரண்டு பெண்களும் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் மின்சாரம் சித்தியின் மீட்டரிலிருந்துதான். முதல் நாள் நான் நாலு என்று எழுதும்போதே அவர்களுடைய துணி என் கழுத்தில் சொட்டியது. சித்தி அம்மாவுக்குத் தங்கை முறை. சண்டைக்குச் சோம்பல்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

"மேல மூணு பேரு இருக்காங்கள்லா சித்தி."

"அவ மாசாமாசம் பாடா குடுத்து இருக்கவ. இன்னைக்கு எழுதிட்டுப் போயிருவ. நாளைக்கு வீட்ட இடிக்கையில எனக்கும் வீடுன்னு வந்து நிப்பா. நீயா பதில் சொல்லுவ?"

"இது அந்த சர்வே இல்ல. புகைக் கணக்கு."

"எல்லாப் பயலும் ஒவ்வொரு பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் வாரான்."

வீடுகளை இடித்துக் கட்டப்போவதற்கான கணக்கெடுப்பு வந்தபோது பொன்செல்வி அக்கா வேலைக்குப் போயிருந்தாள். புது வீட்டுக்கு உரிமை தரும் எண் கீழ்க்கதவில் விழுந்தது. மாலாவில் விழவில்லை. எண் இல்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று அவளிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பேச்சுக் கேட்டு அவள் ஏணியில் பாதிவரை இறங்கி நின்றாள். கையில் சோப்பு நுரை.

"தம்பி, என் பேரையும் போட்டுக்க. மூத்தவ பேரு..."

"பேரு கிடையாதுக்கா. எத்தன பேருன்னு மட்டும்தான்."

"அப்ப அது நான்தான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

கொஞ்சம் யோசித்தாள். "சரி, போடு. ஆளு இருக்குன்னாவது இருக்கட்டும்."

"வாடகைக்கு வந்தவ, புகையிலயும் பங்கு கேக்கா," என்றாள் சித்தி.

நாலை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன். செல்போனில் வகுத்தேன். வீடு வியட்நாமுக்குக் கீழே இறங்கியது. மூன்று பேரைச் சேர்த்ததும் மற்ற நால்வரும் யோக்கியர்களாகிவிட்டார்கள். இதைச் சித்தியிடம் சொல்லிப் பயனில்லை. முடிந்த வீட்டுக்கு ஒட்டும் மஞ்சள் ஸ்டிக்கரைக் கீழ்க்கதவில் ஒட்டினேன்.

"மேல ஒண்ணு ஒட்ட மாட்டியா?"

"வீட்டுக்கு ஒண்ணுதாங்க்கா. இதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது."

அவள் ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்து, சரிபார்க்க வந்தனா மேடமே என்னோடு வந்தார். கீழ்க்கதவில் ஸ்டிக்கர் இல்லை. சதுரமாகப் பசைத் தடம் மட்டும். மேலே மாலாவின் தகரக் கதவில் மஞ்சள் தெரிந்தது. மழை படாமலிருக்க அதன்மேல் முழுக்க டேப் ஒட்டியிருந்தது.

வந்தனா மேடம் ஏணியைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "இதுல எது அந்த வீடு?"

சித்தி அன்றுதான் கதவை முழுதாகத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். மேலே, சொட்டும் துணிகளுக்குப் பின்னால், பொன்செல்வி அக்கா தன் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ஸ்டிக்கர் மறையாமல் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.