வட்டமேசைக்கு வழி

செருப்போடு மலையேற முடியுமா என்று கேட்டவனிடம், தாராளமாக ஏறலாம், இறக்கத்தான் ஹெலிகாப்டர் வரவேண்டியிருக்கும் என்றாள் புர்கி. அவன் சிரித்தான். எல்லோரும் சிரிப்பார்கள். இன்ஸ்ப்ருக் பழைய நகரத்தின் சுற்றுலாத் தகவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காக அவள் சொல்லிவந்தது இதைத்தான். மேலே ஜூனிலும் பனி கிடக்கும், நல்ல பூட்ஸ் போடுங்கள். மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கும், அதற்குள் இறங்கிவிடுங்கள். பிறகு வரைபடத்தில் ஒரு வட்டம், ஒரு புன்னகை, அடுத்த ஆள்.

சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டால் மட்டும் ஊரே ஒரே வாயாகப் பொய் சொல்லும். சதுக்கத்தைச் சுற்றியிருக்கும் பெரிய உணவகங்களைக் கைகாட்டிவிடுவார்களே தவிர, தான் சாப்பிடும் இடத்தை எவனும் காட்டிக்கொடுக்க மாட்டான். புர்கியும் போன வசந்தம் வரைக்கும் காட்டிக்கொடுத்ததில்லை. அப்போது ஊர் பார்க்க வந்த ஒரு பெண் கேட்டது வேறு கேள்வி: "நீங்க எங்க சாப்பிடுவீங்க?" தகவல் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு மனுஷி இருப்பதாக அதுவரை யாரும் கண்டுகொண்டதில்லை. புர்கியின் மனசு இளகிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கசியானின் சாப்பாட்டுக் கடையைச் சொன்னாள். கன்றுக்கறியும் உருண்டை சூப்பும் அங்கேதான் என்றாள். அடுப்போரம் இருக்கும் வட்டமேசையில் மட்டும் உட்கார்ந்துவிடாதே, அது ஊர்ப் பெரியவர்களுடையது என்றும் சொல்லிவைத்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்தப் பெரியவர்களில் ஒருவர் அவளுடைய அண்ணன் வென்டலின். ரோப் கார் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி செத்தபிறகு அவர் வாய் திறப்பதே வியாழக்கிழமை சாயங்காலம் அந்த மேசையில் சீட்டாடும்போதுதான். கூட்டாளிக்குக் கண்ணடித்தும் உதட்டைச் சுழித்தும் கையிலிருக்கும் சீட்டைச் சொல்வது அந்த ஆட்டத்தில் தப்பில்லை. அங்கே உட்கார்ந்தால் அவர் முகத்துக்கும் உயிர் வந்துவிடும்.

அந்தப் பெண் தன் ஊருக்குத் திரும்பிப் போய், வட்டமேசையையும் கிழவர்களையும் படத்தோடு இணையத்தில் போட்டாள். இந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு என் ஒரே யோசனை என்று மேலே எழுதியிருந்தாள்: தகவல் நிலையத்து அம்மாளிடம், நீங்க எங்க சாப்பிடுவீங்க என்று கேளுங்கள். அந்தக் கோடை முழுக்க வந்தவனெல்லாம் அதையே கேட்டான். புர்கி பழையபடி பொய் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் போனை நீட்டிப் படத்தைக் காட்டினார்கள்.

கசியான் வட்டமேசையைத் தூக்கிவிட்டு நீளப் பெஞ்சு போட்டான். 'இது எங்கள் இடம்' என்று மேசைமேல் நின்ற பித்தளைத் தகட்டைச் சுவரில் மாட்டினான். வந்தவர்கள் அதன் கீழே நின்று படமெடுத்துக்கொண்டார்கள். புர்கி சண்டைக்குப் போனாள்.

கசியான் கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "கூட்டத்த அனுப்புனதே நீதானக்கா? உங்க அண்ணனும் வரட்டுமே, யாரு வேணாம்னா. இன்டர்நெட்ல புக் பண்ணிட்டு வரச் சொல்லு."

சீட்டுக் கூட்டாளிகள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். ஒருவர் மகள் வீட்டுக்கு, இன்னொருவர் முதியோர் இல்லத்துக்கு. வியாழக்கிழமைகளில் புர்கி சூப் வைத்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவாள். உள்ளே விளக்கு எரியும். கதவு திறக்காது. இடத்தைக் காட்டிக்கொடுத்தது தான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்காது, வயசான சலிப்புதான் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு வருவாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. மலையிலிருந்து வெப்பக்காற்று இறங்கி ஊருக்கே தலைவலி. வரிசையில் நாலாவது ஆளாக வென்டலின் நிற்பதைப் பார்த்தாள். சீட்டாடப் போகும்போது போடும் பச்சைக் கோட்டு, தொப்பி. முறை வந்ததும் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"வணக்கம் மேடம்."

"என்னண்ணே இது..."

"மலையெல்லாம் பாத்தாச்சு. கிழவன், ஒத்த ஆளு. உக்காந்து சாப்பிடணும்." அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "நீங்க எங்க சாப்பிடுவீங்க?"

வீட்டுக்கு வா, நான் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கை பழக்கத்தில் வரைபடத்தை விரித்துப் பேனாவை எடுத்தது. பேனா ஆற்றின் மேல் வந்து நின்றுவிட்டது. அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள், போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, அவள் எங்கே வட்டம் போடப்போகிறாள் என்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.