முப்பது மூட்டை

விரல்கள் நிமிரவில்லை. காலையிலிருந்து ரயில் வேகனிலிருந்து கோதுமை மூட்டைகளை லாரியில் ஏற்றி, அதே லாரியில் எங்கள் தெரு ரேஷன் கடைக்கு வந்து, நானும் மச்சானும் நாற்பது மூட்டைகளை உள்ளே அடுக்கியிருந்தோம். இரும்புக் கொக்கியைப் பிடித்த பிடியிலேயே கை விறைத்துக் கிடந்தது. கடை எழுத்தர் ரசீதை நீட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாது. அவரே என் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் அழுத்தினார்.

“உனக்கு விரல் வேற பிடிச்சு விடணுமாப்பா” என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் கோதுமை ரேஷன் அட்டைக்குத்தான் கிடைத்தது. சனிக்கிழமை மாலைக்குள் வாங்காவிட்டால் அந்த வாரப் பங்கு போச்சு. அன்று சனிக்கிழமை. வீட்டில் மாவு வியாழக்கிழமையே தீர்ந்திருந்தது.

“நாப்பது மூட்டை வந்திருக்கு, எல்லாருக்கும் கிடைக்கும், மெதுவாவே போ” என்று வீட்டுக்காரியிடம் சொன்னது நான்தான். சின்னவளைத் தூங்கப் போட்டுவிட்டுப் போனாள். மூன்று மணிக்கு வெறும் பையோடு வந்தாள்.

“தீந்துபோச்சாம்.”

“நாப்பது மூட்டை எப்படிடி தீரும்?”

“நான்தான் நின்ன இடத்துலயே தின்னுட்டு வந்தேன். போய்க் கேளு.”

கடைக்குப் போனேன். கிடைக்காதவர்கள் கலையாமல் நின்றிருந்தார்கள். எழுத்தர் பதறவே இல்லை. ரசீதை எடுத்து, முன்னால் நின்ற வாத்தியாரிடம் கொடுத்தார்.

“நீங்களே படிங்க சார்.”

“இறக்கிய மூட்டை முப்பது. கீழே கைநாட்டு.”

“நாப்பது சார். என் முதுகுக்குத் தெரியும்” என்றேன்.

“முதுகு எப்பய்யா எண்ணப் படிச்சுது?” என்ற எழுத்தர் உள்ளறையைத் திறந்துவிட்டார். காலிச் சாக்குகள் மடித்துக் கிடந்தன. எண்ணினேன். முப்பதுதான்.

“லாரியில நாப்பது ஏறுச்சுன்னா மீதிப் பத்தை வழியில எங்கடா இறக்கினே?” என்றார் எழுத்தர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நேற்று வரை என்னோடு சிரித்துப் பேசிய பால்காரன் மனைவி, “அண்ணே, பதுக்கினதுல எங்களுக்கும் ஒரு படி குடுங்க” என்றாள். சிலர் சிரித்தார்கள். யாரோ என் சட்டையைப் பிடித்தார்.

பிடியை உதறிவிட்டு மச்சானைத் தேடிப் போய், நாற்பது என்று வந்து சொல்லச் சொல்லி இழுத்தேன். அவன் நகரவில்லை.

“நான் எண்ணலை மாமா. எனக்குத் திங்கக்கிழமையும் வேலை வேணும்.”

இருட்டுவதற்குள், பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா ஒரு கிண்ணத்தில் மாவு கொண்டுவந்து, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். பத்து மூட்டையைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரமும், சனிக்கிழமைப் பங்கு கிடைக்கும்வரை, அவள்தான் கொடுத்தாள்.

அவளுக்கு நாங்கள் இன்னும் இரண்டு படி மாவு தர வேண்டும்.