பத்து முப்பத்தொன்றுக்கு எத்தனை பேர்

நல்ல நேரத்துக்கு விலை ஐம்பத்தொரு மலேசிய வெள்ளி; வெற்றிலை பாக்கு தனி. ஜொகூர் மாநிலத்துத் தங்காக் ஊரில் துணிக்கடை முதலாளி கமலநாதன் அதை ஜோசியரிடம் கொடுத்துத்தான் தீபாவளிச் சேலை விற்பனையை இணையத்தில் திறக்கக் காலை பத்து முப்பத்தொன்றைக் குறித்து வாங்கி வந்தார். விளம்பரத்திலும் அதையே போட்டார். பாதி ஜொகூர் அந்த ஒரு நிமிடத்தில் ஒன்றாக வந்து விழும்.

இணையக் கடையைக் கட்டியவள் வாசுகி. சொந்த சர்வர் கிடையாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் அந்த நொடிக்கு மட்டும் கிளவுட் நிறுவனம் ஒரு வேலையை ஓட்டித் தரும். போன வருஷம் வேறொருவர் செய்த தளம் திறந்ததுமே படுத்துவிட்டது. இந்த முறையும் படுத்தால் ஒப்பந்தம் கிடையாது என்று கமலநாதன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை.

ஒன்பதே முக்காலுக்கு வாசுகி கிளவுட் கணக்கின் வரம்புப் பக்கத்தைத் திறந்தாள். ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள் ஆயிரம். அதில் தொள்ளாயிரம் முன்பதிவு. சேலைப் படங்களைச் சிறிதாக்கும் வேலை அத்தனையையும் பிடித்துவைத்திருந்தது. அது மூன்றுக்கு மேல் ஓடி அவள் பார்த்ததே இல்லை. ஆர்டர்களுக்கு மிஞ்சியது நூறு.

"பாஸ், இதுல கை வச்சது நீங்களா?"

கணக்கு அவர் பெயரில்தான், கடவுச்சொல்லும் தெரியும். கமலநாதன் கூசவில்லை. முன்பதிவுக்குக் காசு இல்லை என்று போட்டிருந்ததாம். தீபாவளி பஜாரில் இடம் சும்மா கொடுத்தால் ஒன்றோடு நிற்பாரா? பட்டியலில் முதலில் இருந்த வேலைக்கே ஆயிரம் கேட்டாராம். நூறை விட்டுவைக்க வேண்டும் என்று அந்தப் பக்கம் சொன்னதாம்.

"பேசி வாங்குனது லா," என்றார்.

"பத்து இடத்துல ஒன்பதைப் பூட்டி வச்சா, வர்ற கூட்டம் பூரா மிச்ச ஒரு வாசல்லதான் நசுங்கும். அதுவும் உங்க கடைதான் பாஸ்."

அவர் தாடையைச் சொறிந்தார். ஐநூறு விடுகிறேன் என்றார். படங்களுக்குப் பத்து போதும் என்றாள். படங்களுக்கு இருநூறாவது வேண்டும் என்று நின்று பார்த்தார். வரம்பை உயர்த்தக் கேட்டால் பதில் வர நாளாகும், கையில் இருப்பதுதான் இன்றைக்கு என்று அவள் கடிகாரத்தைக் காட்டினாள். இருபதில் முடிந்தது.

பத்து முப்பத்தொன்றுக்குத் திரையில் ஆர்டர்களின் வரைகோடு செங்குத்தாக ஏறியது. கமலநாதன் எழுந்து நின்றே பார்த்தார். பத்து நாற்பதுக்கு அது இறங்கியது.

"எத்தனை பேரைத் திருப்பி அனுப்புச்சு?"

"ஒருத்தரையும் இல்ல."

"அப்ப அடுத்த வருஷமும் நீயே பாரும்மா."

வாசுகி பயன்பாட்டுப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினாள். வரம்பு ஆயிரம். படங்களுக்கு இருபது. ஆர்டர்கள் உச்சத்தில் எழுநூற்று நாற்பத்தாறு. மிச்சம் இருநூற்று முப்பத்து நான்கு. பழைய நூறே இருந்திருந்தால் உச்சத்தில் அறுநூற்று நாற்பத்தாறு ஆர்டர்கள் வாசலுக்கு வெளியே நின்றிருக்கும்.