மாலைக்கண்ணுக்கு ஓர் ஆள் தேவை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை, கேட்டு வாங்கப்பட்டது. கீழ்வீட்டு இஃப்ஃபத் மாடிப்படி ஏறி வந்து, "சார், எனக்கு ஒரு ஆள் வேணும். எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

விண்ணப்பம் என்றால் எழுதித் தருவேன். முதலியார்பேட்டையில் எங்கள் சந்துக்குத் தெருவிளக்கு எரியவில்லை, குடிதண்ணீர் கலங்கி வருகிறது, நாய்த் தொல்லை என்று எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதுவது நான்தான். நான் சின்ன ஊர்ப் பள்ளியில் படித்தவன். அங்கே அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கடிதத்துக்கு வரிசை சொல்லிக்கொடுத்தார்கள். கதைக்கு யாரும் வரிசை சொல்லித் தரவில்லை. எனவே முதலில் இப்படித் தொடங்கினேன்:

கண் என்பது ஓர் அதிசய உறுப்பு. அதன் பின்சுவரில் விழித்திரை என்னும்

வேண்டாம், இது பள்ளிக் கட்டுரை. இன்னொன்று:

புதுச்சேரிக் கடற்கரையில் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருக்க, இஃப்ஃபத் தன் பாடப்புத்தகத்தை விரித்துக்கொண்டு

அவள் கடற்கரையில் உட்கார்ந்து படித்ததே கிடையாது. வீட்டுக்கூடத்தில், பழைய மெத்தைகளைப் பிரித்துப் போட்ட பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்துதான் படித்தாள். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். நடக்காததும் வரும். வரும்போது முன்கூட்டியே தெரிவிப்பேன்.

2

இஃப்ஃபத் படிப்பது ஆப்டோமெட்ரி. 'கண்ணாடிக்கு நம்பர் பார்க்கிற படிப்பு' என்று எங்கள் சந்தில் சொல்வோம். அவளுக்குக் கோபம் வரும். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள், கண் நோய்கள் என்ற ஒன்றைத் தவிர. அதில் இரண்டு முறை போய்விட்டது. இந்த முறையும் போனால் மறுபடி எழுத விடமாட்டார்கள், படித்த வருடங்கள் அத்தனையும் வீண். அவளுடைய அத்தா உசேன் பாய் மெத்தைக்கடை வைத்திருப்பவர், வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். மகள் இரண்டாம் முறை தோற்றதிலிருந்து சாப்பிடும்போதுகூடப் பேசுவதில்லை. அந்த வீட்டில் இப்போது தட்டுச் சத்தம் மாடிவரை கேட்கிறது.

அவளுக்கு நோய்கள் தெரியாமலில்லை. ஒன்றின் அறிகுறி இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு நோயையும் சந்தில் ஒருவருக்குக் கொடுத்துவிடுவது. முகத்தை நினைத்தால் நோய் வரிசையாக வந்து நிற்குமாம்.

எதிர்வீட்டில் மாவு அரைத்து விற்கும் பாக்கியலட்சுமிக்குத் திடீர்க் கண் அழுத்தம் கிடைத்தது. கண் சிவக்கும், தலை வெடிக்கும், வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் தெரியும், உடனே கவனிக்காவிட்டால் பார்வை போய்விடும். "சொல்லாம வரும், தெருவையே கூட்டும். பாக்கியம் அக்காவ விட்டா வேற யாரு சார்?" என்றாள்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் புருஷோத்தமன், எங்கள் ஊர் வழக்கில் ஒரு 'சொல்தா'. அவருக்கு மெதுவாக வரும் கண் அழுத்தம். வலியிருக்காது, ஓரப்பார்வை மட்டும் சத்தமில்லாமல் கழன்றுபோகும். அவர் நேராகப் பார்த்தே நடப்பவர், இரண்டு பக்கமும் யார் நின்றாலும் தெரியாது.

இஃப்ஃபத்தின் தாயார் பதுருன்னிசாவுக்குக் கண்புரை. அவருக்கு வருத்தம். "பெத்தவளுக்குப் புரைதான் மிச்சமிருந்துதா?"

"ஆபரேஷன் பண்ணா சரியாப் பூடும்மா. உனக்குன்னு நல்லதாப் பாத்துதான் எடுத்து வச்சேன்."

எனக்கு? எனக்கு ஒன்றுமில்லை. "நீங்க நார்மல் சார். ஒப்பிட்டுப் பாக்க ஒருத்தர் வேணும்ல" என்றாள். தெருவே நோயில் கிடக்க, ஒருவன் மட்டும் நார்மலாக இருப்பது எவ்வளவு அவமானம் என்பது நார்மலாக்கப்பட்டவனுக்குத்தான் தெரியும். "ஒரு தடவ உக்காருங்க சார், டார்ச் அடிச்சு நல்லா பாத்துக்கறேன்" என்று அவள் பலமுறை கூப்பிட்டாள். நோயே இல்லாத கண்ணில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் நாள் கடத்தினேன். [பிறகு சேர்த்த வரி: ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு கண்ணிலும் நெடுநேரம் பார்த்தாள்.]

3

கொடுத்தவள் மறந்தாலும் வாங்கியவர்கள் மறக்கவில்லை.

பாக்கியலட்சுமி மாவு வாங்க வருகிறவர்களிடம், "என்னுது எமர்ஜென்சி கேசு" என்று சொல்லத் தொடங்கினார். புருஷோத்தமன் தம் நோய்க்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று வாசல்நிலையில் தோளை இடித்துக்கொண்டு நுழைந்தார். ராணுவப் பழக்கம், கொடுத்த வேலையை முழுதாகச் செய்வார். ஒருநாள் மாவுக்கடை வாசலில் இருவருக்கும் மூண்டது.

"சொல்தா, உங்களுது வருஷக்கணக்கா இழுக்குற நோயி. பொறுமையா நில்லுங்க. எனக்கு உடனே பாக்கணும்."

"ஆர்ப்பாட்டம் பண்றதெல்லாம் பெரிய நோயா? என்னுது திருடன் மாதிரி வரும். வந்ததே தெரியாது."

"தெரியாத நோய வச்சிக்கினு எதுக்கு இப்படி மார் தட்டுறீங்க?"

"மார் தட்டல. நீ அங்க ஓரத்துல நிக்கிறது எனக்குத் தெரியல. அதான் கொஞ்சம் உரக்கப் பேசறேன்."

இருவருக்கும் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்பதை வாசகருக்கு நினைவூட்டுகிறேன். அவர்களுக்கு நினைவூட்ட என்னால் முடியவில்லை.

4

இங்கே கண்ணின் அமைப்பை விளக்கி, படத்துடன் ஒரு பகுதி இருந்தது. இஃப்ஃபத் படித்துவிட்டு, "லென்ச கருவிழிக்கு முன்னாடி வச்சிட்டிங்க சார், கீழ வுழுந்துடும்" என்றாள். பகுதியை எடுத்துவிட்டேன்.

5

எல்லாம் பங்கிட்ட பிறகு ஒரு நோய் மட்டும் ஆளில்லாமல் நின்றது. இருட்டினால் கண் தெரியாத மாலைக்கண்ணில் ஒரு வகை. சத்துக் குறைவால் வருவதில்லை, ரத்தத்தோடு வருவது. விழித்திரையில் எலும்புச் சிம்பு போல், மெல்லிய சிராய் சிராயாகக் கறுப்பு விழும். பார்வை சுருங்கிச் சுருங்கிக் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும், கடைசியில் அதுவும் அடைபடும். மருந்து கிடையாது. தேர்வில் இது அடிக்கடி கேட்கப்படுவது.

அவள் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டாள்.

பாக்கியலட்சுமி காதைப் பொத்திக்கொண்டார். "பரம்பர நோயா? ஐயய்ய. பையனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம். பொண்ணு வூட்ல விசாரிச்சா இன்னா சொல்றது?"

"சும்மா பேருக்குத்தானேக்கா."

"பேருக்குத்தான்டி பயம். நோயிக்கு யாரு பயந்தா?"

புருஷோத்தமன் தலையை மட்டும் திருப்பினார். "என் பொண்ணு பாரிசுல கீது. அங்க எல்லாம் ரெக்கார்டு ஆவும். எனக்கு வேணாம்."

பதுருன்னிசா மகளைப் பார்த்தார். "நான் எடுத்துக்கினா அது உனக்கும் வரும்ல? உன்னயும்தானே நாளைக்குக் கட்டிக் கொடுக்கணும்."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். "கலைவாணன் சார் எடுத்துக்கட்டும். அவருக்கு இன்னா, பொண்ணா புள்ளையா?" என்றார் பாக்கியலட்சுமி.

"நான் நார்மல். ஒரே ஆள் ரெண்டு பதவி வகிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் பின்னாலேயே இஃப்ஃபத் படியேறி வந்து, தொடக்கத்தில் சொன்னபடி ஆள் கேட்டது.

6

இது நடக்காத பகுதி. முன்கூட்டியே தெரிவித்தாயிற்று.

வெற்றிச்செல்வன், வயது முப்பதுக்குள், வீராம்பட்டினம். மீன் ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். அப்பாவுக்கும் இதே கண். அவர் பார்வை போன பிறகு வலையைக் கையால் தடவியே தைத்தார். அக்கா ஹேமலதாவைக் கருவடிக்குப்பத்தில் கொடுத்திருக்கிறது. விளக்கு வைத்தபின் அவள் வாசல்படி இறங்க மாட்டாள். வெற்றிச்செல்வனுக்கு இன்னும் அவ்வளவு மோசமில்லை. இருட்டுவதற்குள் வண்டியை வீடு சேர்த்துவிடுவான். சிரிப்பான், அதிகம் பேச மாட்டான்

(சிரிப்பு தேவையில்லை என்று அடித்தேன். இஃப்ஃபத் திரும்பச் சேர்க்கச் சொன்னாள். சிரிக்கிற ஆள்தான் மனதில் நிற்பாராம்.)

"சார், மீன் வண்டின்னா விடிகால இருட்டுலதானே எடுக்கணும்? மாலைக்கண்ணு இருக்கறவரு எப்படி ஓட்டுவாரு?"

"ஹெட்லைட் இருக்கேம்மா."

"ஹெட்லைட் ரோட்டுக்கு வெளிச்சம் காட்டும் சார். அவரு கண்ணுக்குள்ள காட்டாது."

இந்தக் குறையை நான் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டதால் அவள் அவனைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தாள், கவலைப்பட்டதால் பாடம் பசைபோல் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு நோயை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், அக்கா வாசல்படியில் நிற்பது உட்பட.

சந்துக்கும் அவன் தெரிந்தவனாகிவிட்டான். மழை இருட்டிக்கொண்டு வந்தால் பதுருன்னிசா, "அந்தப் புள்ள வூடு சேந்துதோ இல்லியோ" என்பார். புருஷோத்தமன் மீன் மார்க்கெட்டில் அவனைப் பார்த்ததாகவே சொன்னார். "எப்படித் தெரிஞ்சுது?" என்றேன். "நேரா எதுக்க வந்தான். அதான் தெரிஞ்சுது."

7

இன்று மத்தியானம் செய்முறைத் தேர்வு. ஒரு நோயாளியை உட்காரவைப்பார்கள். விசாரித்து, கண்ணைப் பார்த்து, என்னவென்று சொல்ல வேண்டும். போனை வாங்கி வைப்பதற்கு முன் இஃப்ஃபத் கூப்பிட்டாள்.

"சார், வெளிய ஒரு குட்டியானை நிக்குது."

"நிக்கட்டுமே."

"எனக்குக் குடுத்திருக்கற பேஷண்ட்ட இப்பதான் பேர் சொல்லிக் கூப்ட்டாங்க. வெற்றிச்செல்வன்னு கூப்ட்டாங்க சார்."

"எத்தனையோ பேரு அந்தப் பேருல இருப்பாங்கம்மா."

"வண்டியிலேருந்து ஐஸ் தண்ணி சொட்டுது சார். அவரு என்னப் பாத்து சிரிச்சாரு."

போன் அணைந்துவிட்டது. இது நடந்ததா, நடக்காததா என்று தெரிவிக்க நான் கடமைப்பட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. நான் கற்பனையாக எழுதியது ஆறாம் பகுதி மட்டும்தான்.

8

முடிவு ஒன்று. அவள் குனிந்து பார்க்கிறாள். விழித்திரையில் எலும்புச் சிம்பு போல் கறுப்பு. தேர்வாளர் கேட்பதற்கு முன்பே அப்பா, அக்கா என்று சொல்லிவிடுகிறாள். தேறிவிடுகிறாள். இன்றிரவு உசேன் பாய்

இந்த இடத்தில் பதுருன்னிசா டீ கொண்டுவந்தார்.

"இன்னா ஆச்சுண்ணே?"

"இன்னும் எழுதி முடிக்கல."

"பாசுன்னு எழுதிடுங்களேன்."

"எழுதினா அந்தப் பையனுக்குக் கண்ணு போயிடும்."

அவர் படியிலேயே உட்கார்ந்தார். "நீங்க செஞ்ச ஆளுதானே?"

"ஆமாம்."

"அவங்கம்மா?"

"அம்மாவ நான் எழுதல."

"எழுதாட்டி இல்லாமப் பூடுவாளா?"

டீ ஆறுகிறது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பாக்கியலட்சுமி, "கற்பன ஆளுக்குக் கண்ணு போனா இன்னா, கத முடிஞ்சா கண்ணு தானா திறந்துக்கும், முதல்ல பாப்பாவ பாஸ் போடுங்க" என்றார். பதுருன்னிசா என்னிடம் பாஸ் என்று மறுபடி கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

முடிவு இரண்டு. கண் சுத்தம். சிம்புமில்லை, கறுப்புமில்லை. அவனுக்குச் சாதாரணத் தலைவலி, கண்ணாடி போட்டால் தீரும். அவன் அம்மா நிம்மதியாக இருக்கலாம். ஆனால் இஃப்ஃபத் தோற்றுவிடுவாள். ஏனென்றால் அவள் கண்ணைப் பார்க்க மாட்டாள். பெயரைக் கேட்டதுமே நோயும் அக்காவும் வாசல்படியும் வாய்க்குள் வந்து காத்திருக்கின்றன. இல்லாத கறுப்பை அவள் பார்த்தே தீருவாள், நான் அவ்வளவு நன்றாக எழுதிவிட்டேன். தேர்வில் நார்மல் என்று சொல்ல எந்த மாணவருக்கும் துணிவு வராது. நார்மலை ஒருமுறையாவது உற்றுப் பார்த்திருந்தால் வரலாம். அவளுக்கு நார்மல் என்பது நான். நானோ நாள் கடத்தியவன்.

ஆகவே இரண்டாம் பகுதிக்குத் திரும்பப் போய் ஒரு வரி சேர்த்துவிட்டு வந்தேன். அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, நீங்கள் அப்போதே பார்த்திருப்பீர்கள். அந்தச் சாயங்காலம் நான் உட்கார்ந்தேன், அவள் நெடுநேரம் பார்த்தாள். இவ்வளவு தாமதமாகச் சேர்த்த வரி, தேர்வு அறைக்குள் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. மனுக்களில் கடைசியாகச் சேர்த்த வரியைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை.

9

இதற்கு மேல் என்னால் ஆகாது. இனி உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

அவன் முகவாயைக் கருவியின் மேல் வைத்துவிட்டான். அறை விளக்கை அணைத்துவிட்டார்கள். இஃப்ஃபத் குனிகிறாள். உள்ளே தெரிவது

இந்த வாக்கியத்தை நீங்கள் முடிக்க வேண்டும். அவசரப்படுத்தவில்லை, ஆனால் ஒன்று தெரிவித்துக்கொள்கிறேன். இங்கே மாடியிலிருந்து பார்க்கிறேன், வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. பதுருன்னிசா இன்னும் படியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் மனு கொடுத்த தெருவிளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். நீங்கள் எதை எழுதினாலும், எழுதி முடித்த பிறகு வீராம்பட்டினம் வரை அந்த வண்டியை அவன்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.